உப்பால் நிறுக்க முடியாத பிள்ளை

பெனிட்டா டீச்சர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லேசான ரகசியம் எது, கனமான ரகசியம் எது என்று சொல்லி முடித்து, "உங்களுக்குப் பாரமா இருந்தா யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விரலை மடக்குங்க பார்ப்போம்" என்று கேட்ட நேரத்தில், கடைசி வரிசையில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்த பெஞ்சு நடுவில் முறிந்து விழுந்தது. அளத்துமேட்டில் அது அப்படித்தான் தொடங்கியது, அதற்கு முன்னால் ஒரு அடையாளமும் இல்லை, இருந்திருந்தாலும் மாதாவுக்குத்தான் தெரியும்.

அளத்துமேடு ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கமெல்லாம் உப்பளமுமாகக் கிடக்கிற ஊர். மண் பார்க்கக் கெட்டியாகத் தெரியும், மேலே உப்புப் பூத்து வெயிலில் கண்ணைப் பறிக்கும், ஆனால் அடியில் கூழ் மாதிரிக் குழைந்து கிடக்கும். அதனால் அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளை தத்தித் தத்தி நடக்கும்போதே எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மண்ணைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். மனுஷரைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லாமல் இருந்தது.

டீச்சர் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாள். டவுனுக்குப் பயிற்சிக்குப் போய் வந்தவள், பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, கோபம் வந்தால் மூச்சை எப்படி விடுவது, சிநேகிதி பேசாமல் போனால் எப்படிச் சமாதானம் ஆவது என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்து, கடைசியில் ரகசியத்துக்கு வந்தாள்.

"அம்மா பிறந்தநாளுக்கு வளையல் வாங்கி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு வைங்க, அதுவும் ரகசியந்தான். ஆனா லேசு. வயித்துக்குள்ள கூசும், சிரிப்பு வரும், ஒருநாள் தானா வெளிய வந்துரும். இன்னொண்ணு இருக்கு. யாராவது உங்க உடம்பைத் தொட்டு, உங்களுக்குப் பிடிக்காம, பயமா இருக்கும்போது, யார்கிட்டயும் சொல்லாத, சொன்னா அவ்வளவுதான்னு மிரட்டி உள்ள வச்சிட்டுப் போறாங்களே, அது கனக்கும். அது உங்க சுமை இல்ல. அதை நீங்க தூக்கிட்டு நடக்கக் கூடாது."

"சாமியாரா இருந்தாலும் சொல்லணுமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"சாமியாரா இருந்தாலும், டீச்சரா இருந்தாலும், சொந்த மாமாவா இருந்தாலும்."

பிள்ளைகள் விரல் மடக்கினார்கள். அம்மாவுக்கு ஒன்று, ஆச்சிக்கு ஒன்று; ஒருத்தி தன் வீட்டு நாய்க்குக்கூட ஒன்று மடக்கினாள், வகுப்பே சிரித்தது. ஜெசிந்தாவின் கை மட்டும் மேஜைமேல் விரித்தபடி அப்படியே கிடந்தது. அப்போதுதான் பெஞ்சு முறிந்தது.

"உளுத்துப் போன மரம்" என்று தேவசகாயம் ஹெட்மாஸ்டர் சொன்னார். மறுநாள் உளுக்காத பெஞ்சு முறிந்தது. அதற்கு மறுநாள் அவளைத் தரையில் உட்கார வைத்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி சிமெண்டுத் தரை தட்டி வைத்த முட்டை ஓடு மாதிரி மெல்லிசாகக் கோடு விட்டது.

பிள்ளை பார்க்க எப்போதும் போலத்தான் இருந்தாள். எட்டு வயது, ஈர்க்குச்சிக் கை கால், எண்ணெய் வழிய இழுத்துக் கட்டிய ரெட்டை ஜடை. சிந்தா என்று கூப்பிடுவார்கள். அப்பா ஓமனில் மீன்பிடி போட்டில் இருந்தார், அம்மா மரியபுஷ்பம் உப்பளத்தில் உப்பு வாரினாள், மாமா கஸ்பார் அந்த அளத்துக்குக் கங்காணி. அளத்துமேட்டில் யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்று விடியற்காலையில் கையை நீட்டிச் சொல்கிறவர் அவர்தான். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்ததும் அவர்தான், கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான். அவர் குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அண்ணன் பெயரை எடுத்தால் புஷ்பத்துக்கு வாய் உலர்ந்துபோகும். அது நன்றியினால் என்று ஊர் நினைத்தது.

கனம் ஏறிக்கொண்டே போனது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மிக்கேல் அவளைப் பின்னால் ஏற்றிய அன்றைக்கு முன் சக்கரம் தரையை விட்டு எழும்பி நின்றது. "ஏட்டி சிந்தா, இறங்கு தாயி, வண்டி சாமியாட்டம் ஆடுது" என்று அவன் கும்பிட்டான். நர்ஸம்மா தன் தராசில் ஏற்றிப் பார்த்தாள்; முள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி சைபரிலேயே வந்து நின்றது. "எடையே இல்லாத பிள்ளைன்னுலா காட்டுது" என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்தாள், அதைக் கேட்டவர்கள் பிள்ளைக்குள்ளே இருக்கிற இரும்பு போதாதா என்று சிரித்தார்கள். ஊருக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஒரு வீட்டில் கன்றுக்குட்டி நொண்டுகிறது, ஒரு வீட்டில் கிணறு உவர்க்கிறது, ஒரு வீட்டில் பிள்ளை கனக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆசாரி அவளுக்கென்று கருங்கல்லில் ஒரு இருக்கை செய்தார். அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து கோயில் வரைக்கும் பலகைக் கல் பாவினார்கள். அவள் கல்லை விட்டு இறங்கினால் கணுக்கால்வரை மண்ணுக்குள் போய்விடுவாள் என்பதால், விளையாட வரும் பிள்ளைகள் கல்லுக்கு வந்து விளையாடிவிட்டுப் போனார்கள். எல்லா ஏற்பாடும் செய்தார்கள், பிரியமாகத்தான் செய்தார்கள், ஆனால் ஏன் கனக்கிறாய் என்று மட்டும் பிள்ளையிடம் ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் பழி டீச்சர்மேல் விழுந்தது. பெற்றவர்கள் கூட்டமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

"எங்க பிள்ளைவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க, போதும். தொடுதது பிடிக்குததுன்னு என்ன பேச்சு இது?"

"கனம் கனம்னு நீங்க வாயால சொன்னதுலதான் அந்தப் பிள்ளைக்குக் கனத்துருக்கு."

கஸ்பார் கங்காணி கடைசியாகப் பேசினார், கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக. "டீச்சர், நீங்க படிச்சவிய. நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது. ஆனா சின்னஞ்சிறுசுவ மனசுல சந்தேகத்தைப் போட்டா, நாளைக்கு அதுவ யார் மடியில உட்காரும், யார் கையைப் பிடிக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் பேச்சு அப்படி, நல்லெண்ணெய் ஊற்றின மாதிரி இறங்கும். ஹெட்மாஸ்டர் அந்தப் பாடத்தை நிறுத்தச் சொன்னார்.

பிறகு காற்று வேறு பக்கம் திரும்பியது. எத்தனை பால் கொடுத்தாலும் எடை ஏறாத ஒரு கைப்பிள்ளையை அதன் தாய் கொண்டுவந்து சிந்தாவின் மடியில் கொஞ்ச நேரம் கிடத்தினாள். அந்த வாரமே பிள்ளைக்குக் கன்னம் வைத்தது. அதற்குப் பிறகு கல் இருக்கைக்கு முன்னால் வரிசை நின்றது. நோஞ்சான் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள், ஆழமில்லாத தூக்கம் தூங்குகிறவர்கள் வந்தார்கள், காற்றுக்குப் படகு கவிழ்ந்துவிடுமோ என்று பயந்த மீன்காரர்கள் அவள் காலடி மண்ணை எடுத்துப் போய்ப் படகின் முன்முனையான அணியத்தில் பூசினார்கள். "மாதா இந்தப் பிள்ளைமேல இறங்கி நிக்கா, அதான் இந்தக் கனம்" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவுடன் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. பிள்ளையின் கழுத்தில் ஜெபமாலைகள் ஏறின, மடியில் பூ விழுந்தது. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், பேசாமல் இருப்பதும் புனிதம் என்று ஆனது.

டீச்சர் ஒருநாள் மத்தியானம், வரிசை கலைந்த நேரம் பார்த்து, அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள்.

"சிந்தா, பாரமா இருக்கா?"

ஆமாம் என்று பிள்ளை தலையசைத்தாள்.

"சொல்லுதியா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏம்மா, யாரும் அடிப்பாங்களா?"

"நான் சொன்னா கேக்கவங்களுக்கும் கனத்துரும் டீச்சர். நீங்க ஒல்லியா இருக்கீங்க. உள்ள போயிருவீங்க."

டீச்சர் எழுந்து போனாள். அன்றைக்கே பிள்ளைகளுக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஜீப்பில் இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள். ஊர் அவர்களை நேர்ச்சை செலுத்த வந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தது, பிள்ளையைச் சுற்றி நின்று பாட்டுப் பாடியது, தனியாகப் பேச வேண்டும் என்றபோது "தனியாவா, தாராளமா பேசுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு அடி மட்டும் தள்ளி நின்றது. அந்த ஒரு அடிக்குள்ளே கஸ்பாரும் நின்றார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. "நாங்க விட்டுட மாட்டோம், திரும்ப வருவோம்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

வீட்டில் சிந்தா படுக்கிற மூலை நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டு வந்தது. வைத்த தண்ணீர்ச் செம்பு தானாக அவள் பக்கம் நகர்ந்து போகும், உருண்ட வெங்காயமெல்லாம் அவள் காலடியில் போய்ச் சேரும். ஒரு சாயங்காலம் புஷ்பம் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நான் இனி மாமா வீட்டுக்குப் போகல."

சீப்பு நின்றது.

"அத்தை இல்லாத நேரத்துல என்னைய அனுப்பாத."

"அப்படிச் சொல்லாத பிள்ள. மாமா காதுல விழுந்தா வருத்தப்படுவாவ. அவிய இல்லன்னா நமக்கு ஏது அளம், ஏது கஞ்சி?" என்றாள் புஷ்பம். சீப்பு மறுபடி ஓடியது, முன்னைவிட வேகமாக ஓடியது. "ஜெபம் சொல்லு. எல்லாம் சரியாப்போவும்."

பிள்ளை ஜெபம் சொன்னாள். அருள் நிறைந்த மரியே என்று அவள் தொடங்கும்போதே வாசல்படி ஓரத்தில் விரிசல் ஓடிற்று. புஷ்பம் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அதன்மேல் கோணி விரித்தாள்.

திருவிழா வந்தது. அளத்துமேட்டு மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பிள்ளைகளை உப்புக்கு நிறுக்கிற நேர்ச்சை உண்டு. அளத்தில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசைக் கழுவி, ஆள் உயரத்துக்குமேல் நிற்கிற இரும்பு முக்காலியில் தொங்கவிட்டு, செவ்வந்தி சுற்றுவார்கள். பிள்ளையை ஒரு தட்டில் தாய்மாமன்தான் தூக்கி வைக்க வேண்டும், அடுத்த தட்டில் புது உப்பைச் சொரிய வேண்டும். இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது மேளம் முழங்கும், அந்த உப்பு அன்றைய அசனத்துக்கு, ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்குப் போகும். மாமன் தூக்காத பிள்ளைக்கு ஊரில் மரியாதை இல்லை, மாமனைத் தூக்கவிடாத வீட்டுக்கு அதைவிட இல்லை.

"இந்த வருஷம் நம்ம சிந்தாவை நிறுக்கோம்" என்று கமிட்டிக் கூட்டத்தில் கஸ்பார் சொன்னார். "ஊர் உப்பு பூரா கொட்டுவோம். எவ்வளவுக்கு நிறையுதான்னு பார்ப்போம். எங்க வீட்டுப் பிள்ளை, நான்தான் தூக்கி வைப்பேன்."

"மாதாவோட புதுமையை நிறுத்துப் பார்க்கது எனக்கென்னமோ சரியாப் படல" என்று கோயில் பங்குச் சாமியார் இழுத்தார். அவருக்கு வயது ஏறியிருந்தது, குரல் ஏறவில்லை. கூட்டம் கைதட்டிய சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

டீச்சர் அளத்துக்கே போனாள். புஷ்பம் பாத்திக்குள் நின்று பலகையால் உப்பை இழுத்துக் கரைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவள் முகம் தெரியவில்லை.

"புஷ்பம் அக்கா, அவர் தூக்க வேண்டாம். நீங்க வேண்டாம்னு சொல்லுங்க."

"எங்கண்ணன் டீச்சர்."

"தெரியும்க்கா."

"எங்களுக்கு அப்பா செத்தப்ப என்னைய வளத்தவிய."

"அதுவும் தெரியும். பிள்ளையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்ன பாரம்னு கேளுங்க. நான் கேட்டா சொல்ல மாட்டேங்குதா. ஒரு விரல்கூட மடக்கல அவ. நீங்க கேட்டா மடக்குவா."

புஷ்பம் உப்பை இழுத்தாள். "வெயில் ஏறுது, நீங்க போங்க டீச்சர்" என்றாள் பிறகு.

திருவிழா அன்றைக்குக் காலையிலிருந்தே கோயில் முன்னால் வண்டி வண்டியாக உப்பு வந்து குவிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள், பலூன்காரன் வந்தான், அசனத்துக்கு அண்டாக்கள் அடுப்பேறின. மற்றப் பிள்ளைகளை மளமளவென்று நிறுத்து இறக்கினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அந்த ஜீப் வந்து நின்றது. அந்த இரண்டு பெண்களும் இறங்கி டீச்சர் பக்கத்தில் நின்றார்கள். வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாகச் சிந்தாவைக் கல்மேல் நடத்திக் கூட்டி வந்தார்கள். கல் பாவினது தராசுக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிட்டது. மிச்சம் வெறும் மண். அதற்குத்தான் மாமன் தூக்க வேண்டும்.

கஸ்பார் வெள்ளை வேட்டி சட்டையில் சிரித்துக்கொண்டே வந்தார். குனிந்து, பிள்ளையின் அக்குளில் கை கொடுத்தார்.

பாவியிருந்த கடைசிக் கல் இரண்டாகப் பிளந்தது.

பிள்ளை முழங்கால்வரை மண்ணுக்குள் போனாள். கூட்டம் 'மரியே வாழ்க' என்று கத்தியது. மேளக்காரர்கள் அடித்தார்கள். கஸ்பார் மறுபடி கை கொடுத்தார், அவர் தொட்ட மாத்திரத்தில் பிள்ளை இடுப்புவரை இறங்கினாள். புது கவுன் தாமரை இலை மாதிரி மண்மேல் விரிந்து கிடந்தது. "உப்பைக் கொட்டுங்க, உப்பைக் கொட்டுங்க" என்று யாரோ சொல்ல, தட்டில் கொட்ட வேண்டிய உப்பை அவளைச் சுற்றிக் கொட்டினார்கள், அதுவும் அவளோடு சேர்ந்து இறங்கியது. பாடுகிறவர்கள் பாடினார்கள். பிள்ளை அழவில்லை. மண் நெஞ்சுக்கு ஏறுகிறபோது அவள் கூட்டத்துக்குள்ளே தன் தாயை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள்.

புஷ்பம் வந்தாள். எப்படி வந்தாள் என்று கூட்டத்துக்குத் தெரியாது, நின்றவர்களைப் பிளந்துகொண்டு வந்து மண்ணில் விழுந்து, இரண்டு கையாலும் அண்ணனைத் தள்ளிவிட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

"என்ன பாரம் பிள்ள? யம்மாகிட்ட சொல்லு."

"நீ உள்ள போயிருவ."

"போறேன். சொல்லு."

"மாமா வேலை தர மாட்டாவ."

"தரண்டாம். சொல்லு என் தங்கம். சொல்லு."

பிள்ளை தாயின் காதில் வாய் வைத்தாள். கொஞ்ச நேரந்தான். மேளம் அடித்துக்கொண்டே இருந்ததால் பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை; ஆனால் பிள்ளை ஒரு முழம் மேலே வந்ததையும், தாய் ஒரு முழம் கீழே போனதையும் எல்லோரும் பார்த்தார்கள். மேளம் தானாக நின்றது.

புஷ்பம் மண்ணுக்குள் நின்றபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "என் கூடப்பிறந்த அண்ணன் கஸ்பார்" என்று தொடங்கி, ஒரு வார்த்தையையும் விழுங்காமல், பிள்ளை சொன்னதைச் சொன்னாள். கோயிலுக்கு முன்னால் அப்படிப்பட்ட வார்த்தைகள் அதுவரை விழுந்ததில்லை. கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கனத்தார்கள். மிக்கேலின் செருப்பு மண்ணில் புதைந்தது. கைப்பிள்ளைக்காரி கணுக்கால்வரை இறங்கினாள், இறங்கின இடத்திலேயே நின்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். ஹெட்மாஸ்டர் இறங்கினார், சாமியார் அங்கியோடு இறங்கினார். சிலர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் மட்டும் லேசாகவே ஓடினார்கள், இன்றைக்கும் ஊரில் லேசாகத்தான் நடக்கிறார்கள். கேட்டவர்கள் இறங்க இறங்க சிந்தா மேலே வந்தாள், இடுப்பு வந்தது, முட்டு வந்தது, கடைசியில் மண் அவளை உப்புமேல் நிறுத்தி வைத்துவிட்டது, அவள் நின்ற இடத்தில் ஒரு கல் உப்புகூட நொறுங்கவில்லை.

"பொய்" என்றார் கஸ்பார். அமைதியாகத்தான் சொன்னார். "பிள்ளைக்கு அந்த டீச்சர் சொல்லிக் குடுத்தது. நான் எப்படிப்பட்டவன்னு இந்த ஊருக்குத் தெரியாதா?"

"அப்போ தட்டுல ஏறு கஸ்பார்" என்றார் சாமியார். அந்தக் குரலை அதற்கு முன் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"என்ன சாமி, விளையாட்டா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. இறங்கி நின்ற ஊர் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லித் தட்டில் ஏறி நின்றார். தட்டு அசையவில்லை. அசனத்துக்குச் சமைக்க வந்திருந்த ஒரு பெண், குழம்புக்குப் போட வைத்திருந்த உப்பில் ஒரு பிடியை எடுத்து அடுத்த தட்டில் போட்டாள். கஸ்பார் நின்ற தட்டு விருட்டென்று உயரப் போயிற்று. காற்றடிக்கிற பக்கமெல்லாம் ஆடிக்கொண்டு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவர் மேலே தொங்கினார். கீழே இருந்து பார்த்தவர்களுக்கு அவருடைய உள்ளங்கால் தெரிந்தது, அத்தனை சேற்றுக்குள்ளே நடந்து வந்த கால், ஒரு பொட்டு மண் ஒட்டாமல் வெளுப்பாக இருந்தது. தன்னுடைய கனத்தை எல்லாம் எங்கே இறக்கி வைத்துவிட்டு இந்த மனுஷன் இத்தனை காலம் நடந்தான் என்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது. ஜீப்பில் வந்த பெண்கள் அவரை இறக்கிக் கூட்டிப் போனார்கள். அவர் ஏறியபோது ஜீப் ஒரு நூல்கூடத் தாழவில்லை.

எல்லோரும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிந்தா மட்டும் திரும்பித் தன் தாயைப் பார்த்தாள்.

புஷ்பம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் பங்கு போட்டுக்கொண்ட பிறகும், மற்றவர்கள் காலை உருவிக்கொண்டு ஒவ்வொருவராய் மேலே வந்த பிறகும், அவள் மட்டும் சத்தம் போடாமல், ஜெபமாலையைப் பிடித்தபடி, நெஞ்சுவரை மண்ணுக்குள் போயிருந்தாள்.

"யம்மா, நான் சொல்லிட்டேம்லா? எல்லாரும் கேட்டாச்சுலா? நீ ஏன் இன்னும் போற?"

"ஒண்ணுமில்ல தங்கம். நீ தள்ளி நில்லு."

"உனக்கும் இருக்கா?"

புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை மண்ணில் தடமே விழாமல் ஓடி, டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எங்கம்மாவுக்குப் பாரமா இருக்கு. நீங்க வந்து கேளுங்க. நான் சின்னப் பிள்ளை, அது என் சுமை இல்லைலா."

டீச்சர் ஓடி வந்தாள். நின்றால் தானும் போய்விடுவோம் என்று தெரிந்து, திருவிழாச் சேலையோடு அந்தச் சேற்றில் குப்புறப் படுத்து, கையை நீட்டிப் புஷ்பத்தின் தோளுக்குக் கீழே கொடுத்துக்கொண்டாள். அசனத்து அண்டாவில் சோறு பொங்கி வழிந்தது, துழாவ ஆள் இல்லை. கைப்பிள்ளைக்காரி சிந்தாவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் காதில் விழாத தூரத்துக்கு நடந்தாள்; அத்தனை நாளுக்குப் பிறகு பிள்ளையை ஒருவரால் தூக்க முடிந்தது.

"அக்கா, சொல்லுங்க. நான் கேக்கேன்."

புஷ்பம் ஜெபமாலையை விட்டுவிட்டு டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"அப்பா செத்த வருஷம்" என்றாள். "அப்ப எனக்குச் சிந்தா வயசுதான் டீச்சர்."

மண் அவள் தோளில் வந்து நின்றுகொண்டு, மீதியைக் கேட்கக் காத்திருந்தது.